படகு மறைகிற வரைக்கும்

கடலோரத்தில் பிறந்து, கடலோரத்திலேயே வாழ்க்கைப்பட்டு, நாற்பத்தாறு வயது வரை ஒரு தரம்கூடப் படகில் ஏறாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றால் திண்டிவனத்துக்காரர்கள் நம்ப மாட்டார்கள். பொம்மையார்பாளையத்தில் அதுதான் வழக்கம். மீன் பிடிக்கப் போகும் படகில் பெண்கள் கால் வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் பதில் வராது, கேட்டவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

வெளியூர்ப் பெண்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. கடற்கரை விடுதிக்காரர் ஒருவர் ஃபைபர் படகு வாங்கி, மேலே நிழலுக்குத் துணி கட்டி, காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பும் சுற்றுலா என்று போர்டு வைத்தார். அன்றிலிருந்து சுடிதாரும் கூலிங் கிளாஸுமாக எத்தனையோ பேர் ஏறி இறங்கிவிட்டார்கள். எந்தக் கடலும் கோபித்துக்கொள்ளவில்லை. போகிற இடத்தில் கடல் குளியல், மதியம் மீன் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டைச் சமைப்பவள் தேவகி. விடிவதற்குள் எழுந்து குழம்பு வைத்து, வறுத்து, தூக்குகளில் அடைத்துப் படகில் ஏற்றிவிட்டு அவள் கரையில் நின்றுகொள்வாள். சோறு கடலுக்குப் போகும், சோறாக்கியவள் வீட்டுக்குப் போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்தப் படகை ஓட்டும் பச்சைமுத்து அவள் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, நாளைக்கு நீங்களும் படகுல வரணும். திண்டிவனத்துல இருந்து ஒரு குடும்பம், ஏழு பேரு வர்றாங்க. பொம்பளைங்க தண்ணியில எறங்கணுமாம். கூட ஒரு பொம்பளை இருந்தாத்தான் வருவோம்னு சொல்றாங்க, ஒரே பேஜாரா கீது."

இது மீன் படகு இல்லை, ஊரில் நான் பேசிக்கொள்கிறேன் என்று அடுத்துச் சொல்ல வேண்டியதையெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு வந்திருந்தான் பாவம். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

"வர்றேன்" என்றாள் தேவகி.

ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையில் சொன்னதல்ல. அவளுக்குக் கடலிலிருந்து கரையைப் பார்க்க வேண்டியிருந்தது. கரையில் நிற்கிற ஆள் படகில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா, அது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மூன்று வருடமாக அவள் தூக்கத்தைக் கெடுத்துவந்த விஷயம் அது.

கல்யாணமான புதிதில் அவள் புருஷன் முத்து அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் அலை தாண்டி மறையற வரைக்கும் கரையில நில்லு. நமக்குன்னு ஒருத்தி நிக்கிறான்னா மனசுக்கு ஒரு தெம்பா இருக்கும்." முதல் வருடம், பாறாங்கல் கொட்டியிருக்கும் இடத்தில் தினமும் நின்றாள். அப்புறம் சூர்யகலா பிறந்தாள். அப்புறம் தெருவுக்குக் குழாய் வந்தது. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள், அரை மணி நேரம். முத்துவின் படகு இறங்குவதும் அதே ஆறு மணிக்குத்தான். படகு முதல் அலையில் ஏறும்போதே அவள் மனம் குடத்தில் இருக்கும். இரண்டாவது அலைக்குள் தெருவில் இருப்பாள்.

மத்தியானம் முத்து கடலிலிருந்து வந்து, அவள் பிடித்து வைத்த குடத்துத் தண்ணீரில் உப்புப் போகக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காருவான். "படகு மறையற வரைக்கும் நின்னேன்" என்பாள் தேவகி. சோற்றிலிருந்து தலையை எடுக்காமல் அவன் சொல்வான்: "தெரிஞ்சுது."

இப்படியே இருபத்திரண்டு வருடம். அவளுக்கு உறுத்தவே இல்லை. காரணம் சூரியன். காலையில் கரையில் நின்று கடலைப் பார்த்தால் வெயில் நேரே கண்ணைக் குத்தும். அலை தாண்டியதும் படகு ஒரு கரும்புள்ளி, அதற்கப்புறம் அதுவும் இல்லை. தனக்கே அவன் தெரியவில்லையே, அவனுக்கு மட்டும் தான் எங்கே தெரியப்போகிறோம் என்று இருந்துவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் முத்து வந்தான், குளித்தான், சாப்பிட்டான், "தெரிஞ்சுது" என்றான், பாயில் சாய்ந்தான். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

பதினாறாம் நாள் பந்தலில் பச்சைமுத்து யாரிடமோ பேசியது அவள் காதில் விழுந்தது. முத்துவோடு ஒரே படகில் பத்து வருடம் போனவன் அவன். "நான் இன்ஜினப் புடிச்சிக்கினு கடலப் பாத்து வருவேன். அண்ணன் ஒரு நாளும் கடலப் பாத்து குந்தமாட்டாரு. கரையையே பாத்துக்கினு வருவாரு" என்றான்.

அன்று தைத்த முள் இன்னும் எடுபடவில்லை. கொழுந்தனாரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள், "கடல்ல இருந்து என்னா தெரியும், மரம்தான் தெரியும்" என்றார். இன்னொருவர், "எல்லாம் தெரியும்மே" என்றார். மேற்கொண்டு கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். மகள் சூர்யகலாவிடம் சொல்லி ஆறலாமென்றால் அவள் விழுப்புரத்தில் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அங்கே குக்கர் விசில் அடித்துவிடும்.

பச்சைமுத்து போனதும் தேவகி பக்கத்து வீட்டு அஞ்சம்மாளிடம் போனாள். அஞ்சம்மாள் மூத்தவள், மீன் கூடை தூக்கித் தூக்கிக் கழுத்து இறுகிப் போனவள்.

"அக்கா, நாளைக்குக் காலையில என் பச்சைப் புடவையக் கட்டிக்கினு பாறாங்கல் கொட்டியிருக்கற எடத்துல நிக்கிறியா? படகு மறையற வரைக்கும் நின்னாப் போதும்."

"எதுக்குடி?"

"மொத மொதல்ல போறேன், பயமா கீது. நமக்குன்னு ஒருத்தி நிக்கிறான்னா தெம்பா இருக்கும்."

சாக்குக்காகத்தான் முத்துவின் வார்த்தையை எடுத்தாள். சொல்லி முடித்தபோது அது சாக்கு இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அஞ்சம்மாள் அவள் கன்னத்தைத் தடவி, "நிக்கிறேன் போ, காலு ஒடிஞ்சா போவப் போவுது" என்றாள்.

மறுநாள் ஆறு மணிக்கே திண்டிவனத்துக்காரர்கள் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். புதிதாகக் கல்யாணமான கோகுலகிருஷ்ணன், அவன் மனைவி கலைப்பிரியா, இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஐந்து பேர். அவர்களில் மாமா ஒருவர் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டேன் என்று ஏறும்போதே அறிவித்தார். மீன் சாப்பாட்டுச் சுற்றுலாவுக்குச் சனிக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்ததும் அவர்தானாம்.

எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டான் பச்சைமுத்து. தேவகி தூக்குகளைக் காலருகே வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி, கரையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

படகு முதல் அலையில் ஏறி விழுந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். தேவகி கண்ணை எடுக்கவில்லை. சூரியன் இப்போது அவள் முதுகில் இருந்தது. அத்தனை வெயிலும் கரைமேல் விழுந்து கிடந்தது. கோயில் கோபுரம், கவிழ்த்துப் போட்ட படகுகள், பாறாங்கல்மேல் படுத்திருந்த நாய், கொடியில் உலர்ந்த துணி, எல்லாம் கழுவித் துடைத்து வைத்தது மாதிரி தெரிந்தன. பச்சைப் புடவையில் அஞ்சம்மாள் நின்றாள். கையை நெற்றியில் வைத்துக் கண்ணுக்கு மறைப்புக் கொடுத்துக்கொண்டு நின்றது வரைக்கும் தெரிந்தது.

இரண்டாவது அலை. அஞ்சம்மாள் கையை இறக்கினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். திரும்பி நடந்தாள். தெருமுனையில் குனிந்து எதையோ எடுத்து இடுப்பில் வைத்தாள். குடம். நீலக் குடம் என்பதுகூடத் தெரிந்தது.

அது அஞ்சம்மாள் இல்லை. தேவகியேதான். இருபத்திரண்டு வருடக் காலையும் அங்கே நடந்து போய்க்கொண்டிருந்தது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. படகு போகப்போகக் கரை உடனே மறைந்துவிடவில்லை. இன்னும் பத்து நிமிடத்துக்குமேல் அந்தப் பாறாங்கல் தெரிந்துகொண்டே இருந்தது, ஆள் இல்லாத பாறாங்கல். முத்து தினம் தினம் பார்த்துக்கொண்டே போனது இதைத்தான். அவள் நிற்காத இடத்தை.

"இன்னாக்கா, தலை சுத்துதா?" என்றாள் கலைப்பிரியா. "பழக்கமா இருக்கும்னு நெனைச்சேன்."

"பழக்கம் இல்லம்மா" என்றாள் தேவகி.

வடக்கே மரக்காணம் பக்கம் போய், முகத்துவாரத்துக்கு அருகில் அலை அடங்கிய இடத்தில் நங்கூரம் போட்டான் பச்சைமுத்து. மார்பளவுத் தண்ணீர், அடியில் மணல். ஒருவர் தவிர அத்தனை பேரும் இறங்கினார்கள். கலைப்பிரியா விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பெண், கிணற்றில் நீச்சல் பழகியவள். தலைகீழாகப் பாய்ந்து நெடுந்தூரம் போய் எழுந்தாள். கோகுலகிருஷ்ணன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே, "ரொம்பத் தூரம் போகாத" என்று குரல் கொடுத்தான். கவிச்சி தொடாத மாமா தண்ணீரையும் தொடாமல் நிழலில் உட்கார்ந்தபடி தூங்கினார்.

"நீங்களும் எறங்குங்கக்கா" என்று கலைப்பிரியா கையை நீட்டினாள். தேவகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். நீச்சல் தெரியாது. படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கழுத்து வரை வந்து தூக்கியது, இறக்கியது. உதட்டில் உப்புக் கரித்தது. முத்துவைத் தினம் இதுதான் தூக்கி இறக்கியது என்று நினைத்தாள். சுற்றிலும் ஆறு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. முகம் முழுக்க உப்புத் தண்ணீராக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

படகில் ஏறிப் பச்சைமுத்துவின் அருகில் வந்து உட்கார்ந்தாள். மூன்று வருடமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"பச்சை, நான் கரையில நிக்காம போய்ட்றது அவருக்குத் தெரியுமா?"

பச்சைமுத்து இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

"அது எதுக்கு அண்ணி இப்ப?"

"சொல்லு."

"ஒரு தபா நான்தான் சிரிச்சேன். இன்னாண்ணே, அண்ணி அதுக்குள்ள பூட்டாங்கன்னு. அண்ணன், கொழாயில தண்ணி வந்திருக்கும்டான்னாரு. அவ்ளோதான். அப்பறமும் தெனம் கரையப் பாத்துக்கினுதான் குந்துவாரு." துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "பஞ்சாயத்து லீவு நாள்ல கொழா வராதில்ல, அன்னைக்கி நிப்பீங்களோ என்னமோன்னு பாப்பாரு."

குழாய் வராத நாட்களில் அவள் தூங்கினாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

பன்னிரண்டரைக்கு இலை போட்டார்கள். முகத்துவாரத்து மணல் திட்டில் பாயை விரித்து, வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்கும் சங்கரா மீன் குழம்புமாகப் பரிமாறினாள் தேவகி. கடல் குளியல் போட்ட வயிறு, கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். மாமா ரசமும் அப்பளமும் சாப்பிட்டுக்கொண்டே அடுத்தவர் இலையைப் பார்த்தார். கடைசியில், கடலுக்கு வந்துவிட்டால் கிழமை கணக்கில்லை என்று சொல்லி ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். தேவகியும் சிரித்தாள்.

கலைப்பிரியா போனை எடுத்து அவளை ஒரு படம் பிடித்தாள். பின்னால் கடல், முன்னால் ஈரப் புடவையில் தேவகி.

"நல்லா வந்திருக்குக்கா. யாருக்கு அனுப்பணும், நம்பர் சொல்லுங்க."

தேவகி யோசித்தாள். நீ படகிலா ஏறினாய் என்று கேட்டு ஆச்சரியப்பட இருந்த ஒரே ஆள் இப்போது இல்லை. "நீயே வெச்சுக்கோம்மா" என்றாள்.

எல்லோரும் எழுந்த பிறகு தனக்கு ஒரு கை சோறு போட்டுக்கொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டதும் இலையை மடித்துவிட்டாள்.

திரும்பும்போது வெயில் மேற்கே போயிருந்தது. இப்போது கண்ணைக் குத்தியது கரைப்பக்கம்தான், நெருங்கி வரும் வரை ஒன்றும் புலப்படவில்லை. பாறாங்கல்லுக்குப் பக்கத்தில் பச்சையாக ஏதோ அசைந்தது. அஞ்சம்மாள்தான். தூக்கை வாங்க முழங்கால் தண்ணீர் வரைக்கும் வந்தாள்.

"வந்துட்டியாடி. பயந்தியா?"

"இல்லக்கா."

"நீ சொன்ன மாதிரியே மறையற வரைக்கும் நின்னேன். காலு கடுத்துப் போச்சு."

தேவகி அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. இவள் வருத்தப்படக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. நீ போனதைப் பார்த்தேன், நீலக் குடத்தையும் பார்த்தேன் என்று சொல்லலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது. சொன்னால் இந்த முகம் எப்படிச் சுருங்கும் என்று தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் சோற்றிலிருந்து தலையை எடுக்காமல் ஒருவன் பேசியது ஏன் என்றும் தெரிந்தது.

"தெரிஞ்சுதுக்கா" என்றாள்.

அஞ்சம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தூக்குகளைத் தானே சுமந்துகொண்டு முன்னால் நடந்தாள்.

வீட்டு வாசலில் தேவகியின் குடங்கள் இரண்டும் நிரம்பியிருந்தன, அஞ்சம்மாள் பிடித்து வைத்தவை. இரண்டு குடம் என்பது பழைய கணக்கு, சமையலுக்கு ஒன்று, கடலிலிருந்து வருகிறவர் குளிக்க ஒன்று. தேவகி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். உடம்பெல்லாம் உப்புப் பூத்து அரித்தது. அந்த ஒரு குடமும் முழுதாக வேண்டியிருந்தது.

கடைசிச் சொம்பை ஊற்றிவிட்டு ஈரத்தோடு கொஞ்ச நேரம் நின்றாள்.

"கொழா வந்ததுல இருந்து நான் ஒரு நாளும் நிக்கல" என்றாள், சத்தமாகவே.

தெரிஞ்சுது என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை.