பட்டிமன்றம் ஏறிய தொட்டி

பட்டிமன்றத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: பேச வருபவரைப் பற்றி நடுவர் அவிழ்த்துவிடும் அறிமுகம். எங்கள் ஏரியாவான ஆஸ்டின் டவுனின் பொங்கல் விழாவில் நடுவர் சுந்தரம் என்னை, "தாரணி, குடிநீர் கம்பெனியில் இன்ஜினியர்" என்று முழங்கினார். அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்ட புண்ணியவான் முதல் வரிசையில் மடிப்புக் கலையாத வேட்டியில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் கிஷோர்.

நான் வேலை பார்ப்பது ஹெப்பகோடியில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில். நானூறு வீட்டுக் கக்கூஸ் தண்ணீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கு அனுப்பும் எஸ்.டி.பி.யின் ஆபரேட்டர். அதற்கென்றே டிப்ளமோ படித்தவள். ஆனால் கல்யாணமான புதிதிலேயே கிஷோர் கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டார்: "நம்ம ஏரியால வாய் ஜாஸ்தி. தெரிஞ்சா நம்ம வீட்ல ஒருத்தரும் டீ குடிக்க மாட்டாங்க. நீ சும்னே தண்ணி கம்பெனின்னு சொல்லு." ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கம்தான், வேறென்ன.

வருடா வருடம் மாமியாரா மருமகளா என்று பேசி அலுத்துப்போய், இந்த முறை "உயிரும் அறிவும் வந்தது தற்செயலா, இயற்கையின் விதியா?" என்று தலைப்பு வைத்திருந்தார்கள். நான் விதி பக்கம். தற்செயல் பக்கம் பேசியவர் இயற்பியல் பேராசிரியர் சீனிவாசராகவன்.

"வீட்டப் பூட்டிட்டு ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வாங்க," என்றார் அவர். "வீடு தன்னைத்தானே பெருக்கி வெச்சிருக்குமா? எல்லாம் கலையும், சிதறும், ஆறிப்போகும். அதான் விதி. அதுக்குப் பேரு என்ட்ரோபி. அதையும் மீறி நாம வந்தோம்னா, அது லாட்டரி!"

கைதட்டல் அடங்கவே ஒரு நிமிடம் ஆனது. அடுத்து நான். செல்போனில் எழுதி வைத்திருந்த நட்சத்திர மண்டலங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பின்வரிசையில் கரும்பு கடிக்கும் சத்தம் மேடை வரை கேட்டது. பேராசிரியர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார்.

"நட்சத்திரத்த விடுங்கம்மா. தானா ஒழுங்கு வந்தத உங்க கண்ணால பார்த்திருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் உட்கார்ந்துடறேன்."

பார்த்திருக்கிறேன். ஆனால் சொன்னால் ஆறு வருடப் பொய் அம்பலமாகும். கிஷோரைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேராசிரியர் மேல் இல்லை, என் மேல். இவ்வளவு பெரிய அதிசயத்தைப் பார்த்துவிட்டு இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கிறேனே!

"பார்த்திருக்கேன் சார். கக்கூஸ் தண்ணில. அங்கதான் எனக்கு வேலை."

கரும்புச் சத்தம் நின்றது.

நடந்ததைச் சொன்னேன். போன ஏப்ரலில் யாரோ ஒரு டிரம் ஆசிட்டைக் குழாயில் கொட்டிவிட, அழுக்கைத் தின்னும் கிருமிகள் கூண்டோடு செத்தன. தண்ணீர் கறுத்தது. நாற்றம் நான்காவது மாடி வரை ஏறியது. நான் கிருமி எதுவும் வாங்கிப் போடவில்லை. தொட்டிக்குள் காற்றை அடிக்கும் பிளோயரை மட்டும் நிற்காமல் ஓட்டினேன்.

"வர்ற தண்ணியோட புதுக் கிருமிங்க வந்துச்சு. மொதல்ல மிதக்கறவன் வந்தான். அப்புறம் நீந்தறவன், அவனுக்கு சாப்பாடு சீக்கிரம் கெடைக்கும். பத்தொன்பதாம் நாள் மைக்ரோஸ்கோப்ல பார்த்தா, தண்டு மேல மணி மாதிரி ஒருத்தன். அவன் தேடியே போகல சார். வாயச் சுத்தி சுழல் போட்டு சாப்பாட்ட தன்கிட்ட வரவெச்சான். ஒவ்வொருத்தனும் முந்தினவன விட கெட்டிக்காரன். யாரும் சொல்லித் தரல!"

பேராசிரியர் விடவில்லை. "உங்க தொட்டிக்கு உயிர் வெளில இருந்து வந்துச்சு. உலகத்தோட மொதல் உயிர்?"

"எனக்குத் தெரியாது சார். உங்களுக்கும் தெரியாது." கூட்டம் சிரித்தது. "ஆனா எல்லாம் செத்துக் கெடந்தப்பவும் அந்தத் தண்ணி சும்மா இல்ல. நடுவுல ஏறி, ஓரத்துல எறங்கி, தெனம் அதே வட்டம். உயிரில்லாத தண்ணியே கோலம் போட்டுச்சு. பிளோயர நிறுத்தினா கோலமும் இல்ல. நீங்க பூட்டின வீட்ட சொன்னீங்க. பூமி பூட்டின வீடா? நானூத்தம்பது கோடி வருஷமா சூரியன்னு ஒரு பிளோயர் ஓடிட்டே இருக்கு! உங்க விதிய உயிர் மீறல சார். உயிர் தின்னதெல்லாம் உடம்புச் சூடா மாறி வெளில சிதறுது. விதி சிதறச் சொல்லுது, உயிர் அத வேகமா செய்யுது. எனக்குப் பத்தொன்பது நாள் ஆச்சு. இவ்ளோ பெரிய தொட்டிக்கு இவ்ளோ வருஷம் குடுத்தா, உங்கள மாதிரி கேள்வி கேக்கற ஆள் வராம இருந்தாதான் ஆச்சரியம்!"

விசிலும் கைதட்டலுமாக மண்டபம் அதிர்ந்தது. பேராசிரியர் எழுந்து, எனக்கு ஒரு கும்பிடு போட்டு, சொன்ன வார்த்தைப்படி உட்கார்ந்தார். "விஞ்ஞானம் இன்னும் தீர்ப்பு சொல்லல," என்றார் சுந்தரம். "ஆனா இந்த மன்றம் சொல்லுது: விதியே!"

கீழே இறங்கி வந்தேன். பக்கத்து வீட்டு ஐரின் ஆன்ட்டி கிஷோரை மடக்கிப் பிடித்திருந்தார்.

"ஏம்ப்பா, தண்ணி கம்பெனின்னுதானே சொன்னே?"

கிஷோர் என்னைப் பார்த்தார். பிறகு மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "பொய் சொல்லிட்டேன் ஆன்ட்டி. எஸ்.டி.பி. ஆபரேட்டர். செத்துப்போன தொட்டிய எழுப்பினவ என் பொண்டாட்டி."

ஐரின் ஆன்ட்டி இடுப்பில் கை வைத்தார். "அப்போ இன்னா பார்த்துட்டு நிக்கறே? போய் டீ போடு, எல்லாரும் வரோம்."

டீ போட்டது கிஷோர்தான். அன்று மாலை எங்கள் வீட்டில் டம்ளர் போதவில்லை. பேராசிரியர் எவர்சில்வர் சொம்பில் குடித்தார்.