ஓட்டுகிறவரின் எடை

டிரெய்லரைப் பின்னோக்கி வாசலுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஓனோஃப்ரே மூன்று தடவை ஹாரன் அடித்தார். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த கொர்தெலியா அசையவில்லை. முன் பம்பருக்கு வெளியே அவளுடைய பூட்ஸ் கால்கள் மட்டும் தெரிந்தன.

“வெளிய வாம்மா. வண்டிய ஏத்தணும்.”

“ஏத்துங்க சித்தப்பா. என்னையும் சேத்தே ஏத்துங்க.”

அவர் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். இறங்கி வந்து, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். இருநூற்று முப்பது பவுண்டு உடம்பு. குனிவது அவருக்குச் சின்ன வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவருடைய அண்ணனும் கொர்தெலியாவின் அப்பாவுமான எலோய் ஆர்ச்சுலேட்டா, கூடத்தில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்துபோனார். இன்று வியாழன். நாளை பத்து மணிக்கு அடக்கம். எஸ்பன்யோலா பள்ளத்தாக்கில் தரையோடு தரையாக இறக்கிய கார் வைத்திருப்பவர் யார் இறந்தாலும், சவ வண்டிக்குப் பின்னால் அவருடைய கார்தான் போகும். குடும்பம், இந்தக் கார்க்காரர்களின் கிளப், சொந்தபந்தம் எல்லாம் அதற்கும் பின்னால்தான். கார் ஓடுகிற நிலையில் இருந்தால் மகன் ஓட்டுவான். ஓடாவிட்டால் டிரெய்லரில் போகும். எலோய்க்கு மகன் இல்லை. அவருடைய அறுபத்து நாலாம் வருட இம்பாலா தெருவுக்கு வந்தும் பதினாலு மாதம் ஆகிவிட்டது.

டிரெய்லரில் ஏறினால் அது வீடு திரும்பாது. கல்லறையிலிருந்து நேரே கிளப் ஹாலுக்குப் போய்விடும். சுற்றிலும் கயிறு கட்டி, பக்கத்தில் போட்டோ வைத்து, அங்கேயே நிறுத்திவிடுவார்கள். கிளப்பின் தலைவர் ஓனோஃப்ரேதான். ஹாலில் இடத்தைக் கூட்டித் துடைத்து வைத்தாயிற்று. இதைத்தான் கொர்தெலியாவால் சகிக்க முடியவில்லை. அப்பாவைப் புதைக்கட்டும், காரையும் ஏன் கூடவே புதைக்க வேண்டும்?

“டிரெய்லர்ல ஏத்திரு, ஹால்ல வெச்சிருனு உங்கப்பா வாயாலதான் சொன்னாரு,” என்றார் ஓனோஃப்ரே.

“அவர் சொன்னத முப்பத்தொம்பது வருசம் கேட்டாச்சு.”

“செத்தவர் பேச்சும்மா.”

“செத்துட்டா தப்பு சரியாயிடுமா?”

ஓனோஃப்ரே நிமிர்ந்து காரைச் சுற்றி வந்தார். அப்போதுதான் கார் நிற்கும் விதத்தைக் கவனித்தார். நான்கு சக்கரங்களும் பழைய ரயில் கட்டைகளை அடுக்கிய மேடைகள்மேல் இருந்தன. ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் அடியில் சமையலறைத் தரை ஓடு இரண்டிரண்டு, சக்கரம் வழுக்கித் திரும்ப நடுவே கிரீஸ். காரின் இரண்டு பக்கமும் மீன்பிடி நரம்பு விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தது.

“என்னது இது, சர்க்கஸா?”

“சக்கரத்த நேராக்கறேன்.”

“நாலு மைல் போற வண்டிக்கு எதுக்கு? பம்பப் போட்டு உயரமா தூக்கி வெச்சு ஓட்டுனா சக்கரம் தானா நிமிந்துக்கும்.”

“தூக்கி வெச்சா?” கொர்தெலியா முதல் முறையாகத் தலையை வெளியே நீட்டினாள். “பேண்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டிக்கிட்டு மாதாகோயிலுக்குப் போற மாதிரியா? அவர் காரையா?”



கொர்தெலியா மாவட்டப் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் தலைமை மெக்கானிக். இருபத்திரண்டு பேருந்துகளின் சக்கரங்கள் அவள் கையில்தான் நேராகின்றன. அப்பா மட்டும் அவளிடம் காரைக் கொடுத்ததில்லை. வருடத்துக்கொரு முறை டவுனில் ஒருவனிடம் போவார். அவனுடைய மேடையில் கார் அடி தட்டாமல் ஏற வேண்டுமே, அதனால் காரை ஏற்றி இறக்க டிக்கியில் இருக்கும் பம்புகளைப் போட்டு நாலு அங்குலம் தூக்கிக்கொள்வார். அந்த உயரத்திலேயே அவன் சக்கரத்தை அளந்து நேராக்கித் தருவான். வீட்டுக்கு வந்ததும் அப்பா காரைப் பழையபடி இறக்குவார். இறக்கிய நொடியில் சக்கரங்களின் தலை உள்ளே சாயும், முன்விளிம்பு, அதாவது மூக்கு, வெளியே திரும்பும். அளந்ததெல்லாம் வீண். வெளிப்பக்கம் புதுசாக மின்னுகிற டயர் உள்விளிம்பில் நூல் தெரியத் தேய்ந்துபோகும். கிளப்பில் அத்தனை பேரும் இதையே செய்தார்கள். ஒருவருக்கொருவர் தேய்ந்த டயரைக் காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டார்கள்.

“தாழ்ந்த கார் டயர் திங்கும். அதுக்குப் பசி,” என்பார் அப்பா.

“பசி இல்லப்பா. ஓடற உயரத்துல அளக்கணும். கார தூக்காதீங்க, தரைய தூக்குங்க,” என்று அவள் எத்தனை வருடம் சொல்லியிருப்பாள். அவர் சிரிப்பார். திங்கட்கிழமை சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கடைசியாகக் கேட்டாள். “நூல் தெரியுதுப்பா. நானே பாக்கட்டுமா?” அவர் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலை போய்விட்டார். இந்த இரண்டு நாளாக வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு தலையசைப்பு, அவ்வளவுதானே அவள் கேட்டது.

சக்கரத்தைத் தாங்கும் மேல் இரும்புக் கைகளுக்குப் பின்னால் இருந்த மெல்லிய தகடுகளை மாற்றி, சாய்வை முடிந்தவரை நேற்றே நிமிர்த்தியிருந்தாள். புது டயர் இரண்டையும் மாட்டியாயிற்று. மீதி இருந்தது சக்கரத்தின் மூக்குதான். டயரைத் தின்பதில் பாதிக்கு மேல் அதன் வேலை.

“உள்ள ஒரு ஆள் உக்காரணும். ஓட்டறவங்க எடை இல்லாம அளந்தா அதுவும் பொய்தான்.”

ஓனோஃப்ரே டிரெய்லரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கார்மேல் ஆசை உண்டு. “நான் வேணா உக்காறேன். அண்ணன் நல்லா இருந்தப்ப என் எடைதான்.”

“நாளைக்கு நீங்க ஓட்டல. அவரும் ஓட்டல. நான் ஓட்டறேன். என் எடைக்கு ஆள் வேணும்.” அவள் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “அம்மா, கொஞ்சம் வா.”

எர்லிந்தா சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நாளைக்கு எண்பது பேருக்குச் சாப்பாடு. விரல்கள் மிளகாய்க் குழம்பில் சிவந்திருந்தன.

“நீ எத்தன பவுண்டு?”

“வீட்ல சாவு நடந்திருக்கு, கேக்கற கேள்வியப் பாரு.”

“சொல்லும்மா.”

“நூத்தி நாப்பது. குளிர்காலத்துல அஞ்சு கூட.”

“என்னோடதுதான். ஏறி ஸ்டீரிங் முன்னாடி உக்காரு. நேரா புடிச்சுக்க. நான் சொல்றவரைக்கும் அசையாத.”

எர்லிந்தா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். பழக்க தோஷத்தில் பக்கத்து இருக்கைக்கான வலப்பக்கக் கதவுக்குப் போனாள். பாதி வழியில் நின்று, காரைச் சுற்றிக்கொண்டு ஸ்டீரிங் இருக்கும் இடப்பக்கம் வந்தாள். பள்ளிச் சமையலறை வேனை இருபத்தாறு வருடம் பனியிலும் சேற்றிலும் ஓட்டியவள் அவள். இந்தக் காரில் நாற்பத்தோரு வருடம் பக்கத்து இருக்கையில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறாள். கட்டைமேல் நின்ற காருக்குள் கால் தூக்கி வைத்து ஏற ஓனோஃப்ரே கை கொடுத்தார். கார் ஒரு நூலளவு அமர்ந்தது.

கொர்தெலியா நான்கு மூலைகளையும் அழுத்தி ஆட்டிவிட்டு, நரம்புக்கும் சக்கர வளையத்துக்கும் இடையே உள்ள தூரத்தை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளந்தாள். அடியில் புகுந்து, சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முறுக்கைத் திருகினாள். வெளியே வந்து மறுபடி அளந்தாள். இடது பக்கம் சரியானால் வலது பக்கம் மாறியது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. எர்லிந்தா இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, குழம்பு தீயற வாடை வருது,” என்றார் ஓனோஃப்ரே.

“போய் அடுப்ப நிறுத்துங்க.”

அவர் போனார். திரும்பி வரும்போது தயங்கித் தயங்கிப் பேச்சைத் தொடங்கினார். “அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. அண்ணன் எங்கிட்ட தெளிவா சொன்னாரு. ஹாலுக்குக் கொண்டுபோனு.”

“எங்கிட்ட சொல்லலியே.”

“அது வந்து...”

“பதினாலு மாசம் பக்கத்துலயே இருந்தேன். தண்ணி வேணும்னாரு, ஜன்னல மூடுன்னாரு, காலப் புடின்னாரு. எல்லாத்துக்கும் வாய் இருந்துச்சு. கார் விசயம் மட்டும் உங்ககிட்ட சொன்னாரா?” குரல் உயரவேயில்லை. “அப்ப அத நீங்களே வெச்சுக்கங்க. கார் இங்க இருக்கட்டும்.”

காருக்கு அடியில் கொர்தெலியா திருகுவதை நிறுத்திவிட்டாள். அம்மா இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

“முடிஞ்சிதும்மா. இறங்கு,” என்றாள் கடைசியில்.

எர்லிந்தா இறங்கவில்லை. “என் எடைக்குத்தான அளந்த?”

“நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.”

“அப்ப நாளைக்கு நான் ஓட்டறேன்.”

 பதினைந்து வயதிலிருந்து கொர்தெலியா ஆசைப்பட்ட இடம் அது. இரண்டு நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததும் அவள்தான். அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஸ்டீரிங் வளையத்தில் மிளகாய்ச் சிவப்பாக இரண்டு கைகளின் தடமும் பதிந்திருந்தது. அப்பா உயிரோடு இருந்தால் வீடே அதிர்ந்திருக்கும். அம்மா அதைத் துடைக்கக்கூட இல்லை.

“சரி. பிரேக் கொஞ்சம் கெட்டியா இருக்கும்,” என்றாள் கொர்தெலியா.

ஓனோஃப்ரே காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மாதாகோயிலிலிருந்து சவ வண்டி புறப்பட்டது. பின்னால் இம்பாலா, வயிறு தார்ச் சாலையைத் தொட்டும் தொடாமலும். அதன் பின்னால் கிளப்பின் பதினெட்டுக் கார்கள். கடை வாசல்களில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு ஸ்டீரிங் பின்னால் யார் என்று பார்த்து, கழற்றிய தொப்பியோடு கழுத்தை நீட்டினார்கள். பெட்ரோல் பங்க்கில் ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் சத்தமாகவே சொன்னார்: “அந்தம்மா ஓட்டுது பாரு.”

“ஆமா, ஓட்டுது,” என்றாள் எர்லிந்தா, கண்ணாடிக்கு உள்ளேயே.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொர்தெலியாவின் இடது கை, ஸ்டீரிங்கைப் பிடிக்க இருக்கை விளிம்பில் தயாராக இருந்தது. பத்து மைல் வேகத்தில்தான் சக்கரக் கோணல் நன்றாகத் தெரியும். அப்பா ஓட்டும்போது கார் இடமும் வலமும் மூக்கை நுழைக்கும், அவர் விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்.

“கைய எடுடி. எனக்குத் தெரியும்.”

ஆற்றுப் பாலம் தாண்டியதும் சாலை நேராயிற்று. எர்லிந்தாவின் கறுப்புத் தலைத்துணி காற்றில் அவிழ்ந்துவிட்டது. அவள் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தாள். துணியைப் பின்னால் கொண்டுபோய், நிதானமாக முடிச்சுப் போட்டாள். கார் தன் பாட்டுக்கு நேராகப் போயிற்று. ஒரு விரல்கூட விலகவில்லை. கொர்தெலியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை வராத அழுகை அங்கே வந்தது, அடக்க அடக்க நிற்காமல்.

“உங்கப்பாக்கு முன்னமே தெரிஞ்சிருக்கும்,” என்றாள் அம்மா, சவ வண்டியைப் பார்த்தபடி. “நீ சொன்னது சரின்னு.”

“தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட ஹாலுக்கு வந்தார்கள். பெரிய இரும்புக் கதவு இம்பாலாவுக்காகக் காலையிலிருந்தே அகலத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மூலையில் தரையைத் தேய்த்துக் கழுவி, நாலு தூண் நட்டு, சிவப்புக் கயிறு தயாராக இருந்தது. எலோயின் போட்டோவும் மாட்டியாயிற்று. ஓனோஃப்ரே வாசலில் நின்று, உள்ளே வரச்சொல்லிக் கையை வீசினார். எர்லிந்தா அவரைத் தாண்டி ஓட்டினாள். சற்றுத் தள்ளி வட்டமடித்து, வீடு இருக்கும் திசையைப் பார்த்தபடி சாலையோரம் நிறுத்தினாள். காரை இறக்க எந்த சுவிட்ச் என்று கேட்கவே இல்லை. அழுத்தினாள். கார் முழுதாக இறங்கித் தரையில் படிந்தது. சாவியைக் கைப்பைக்குள் போட்டு, பையை மூடிக்கொண்டு சாப்பிடப் போனாள்.

கொர்தெலியா தட்டோடு ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். கிளப் ஆட்கள் இரண்டிரண்டு பேராகப் போய்க் காரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஓனோஃப்ரே தனியாகப் போனார். சிரமப்பட்டுக் குனிந்து, முன் சக்கரத்துக்கு உள்ளே கை விட்டு, டயரின் உள்விளிம்பை வெகுநேரம் தடவிப் பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு ஹாலுக்கு வந்து, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், பெரிய கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.