தேதி குறித்த தேர்தல்

ஐந்தரைக்கு எழுந்தான் ராஜசேகர். பால் காய்ச்சினான். புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்தான். ஏழு மாதக் குழந்தை வெண்ணிலாவின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தான். நூற்றிரண்டு. நேற்றும் அதே. மூன்று நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது இரண்டாம் நாள். மருந்தைப் புகட்டி, மாமியார் பவுனுவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

திண்டிவனத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் அவன் அரசியல் பாடம் நடத்துகிறான். அன்றைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும். பலகையின் நடுவே கோடு கிழித்தான்.

"அமெரிக்காவுல தேதி சட்டத்துலயே கீது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவ, நவம்பர்ல, முதல் திங்களுக்கு மறுநாள் செவ்வாய். போர் வந்தாலும் மாறாது. பிரிட்டன்ல அஞ்சு வருஷம்ங்கறது கடைசி எல்லை, அவ்ளோதான். அதுக்குள்ள எப்ப வேணாலும் தேர்தல் வரலாம். காமன்ஸ் சபைல நம்பிக்கை போச்சுன்னா அன்னிக்கே ஆட்டம் கண்டுடும்."

"அப்ப பிரதமரு பொட்டிய கட்டியே வெச்சிருக்கணும் சார்," என்றாள் முன்வரிசை ஆர்த்தி. வகுப்பு சிரித்தது.

அவன் சிரிக்கவில்லை. அவன் மனைவி சூர்யகலாவும் இந்தத் தேர்வுக்குத்தான் படித்தாள். நிறைமாதத்தில் இதே பாடத்தை அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு காலையில் அவளுக்கு இடுப்பு வலி கண்டது. ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்த தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. "நீ அமெரிக்காக்காரி. தேதிக்கு முன்னாடி நடத்த சட்டத்துல எடமில்ல," என்றான். அவளும் சிரித்துவிட்டுப் படுத்தாள். சாயங்காலம் வரை பார்த்தார்கள். குழந்தை தங்கியது. அவள் தங்கவில்லை.

மேசைமேல் போன் அதிர்ந்தது. பவுனு. எடுத்தான்.

"காச்சல் எறங்கல மாப்ள. பால கக்கிக்கினே கீது. டாக்டரு நாளைக்குத்தான வரச் சொன்னாரு?"

"கண்ண முழிக்குதா?"

"சொருகினாப்ல கீதுங்க."

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். எதிர்வீட்டு ஆனந்தராஜ் காரை எடுத்தார். பவுனுவும் ஏறிக்கொண்டாள். சூர்யகலாவைக் கொண்டுபோன அன்றைக்கும் அவர் கார்தான், விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். வழியில் கூட்டேரிப்பட்டு வரை குழந்தை முனகியது. அதன்பின் சத்தமே இல்லை. மூக்கருகே விரலை வைத்தபடியே வந்தான் ராஜசேகர். மூச்சு பட்டது. பட்டதா என்று மறுபடி பார்த்தான்.

நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அரைமணி கழித்து வெளியே வந்தாள். "டிரிப்ஸ் போவுது. கண்ணத் தொறந்துது. நாளைக்குன்னு இருந்தா தாங்கியிருக்காது சார்."

அப்போதுதான் ராஜசேகர் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"'பாப்பாவப் பாத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டுத்தான கண்ண மூடினா எம் பொண்ணு," என்று பவுனு அழுதாள். ஊரெல்லாம் அவள் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாள். அன்றைக்கு அந்தக் காரில் அவள் இல்லை. ராஜசேகர்தான் இருந்தான். இதுவரை அவன் மறுத்துப் பேசியதில்லை.

அவன் தோளில் சாய்ந்துகொண்டு சூர்யகலா கடைசியாகச் சொன்னது:

"கொஞ்சம் மெதுவா போவச் சொல்லுங்க. ரோடு பேஜாரா கீது."