கேட்காமல் எடுத்த சிலந்தி

ஏரிக்கரையில் உள்ள பால்காஷ் நகரில், செம்பு ஆலைக்கு எதிர்ப்பக்கக் குடியிருப்பில், ஒராஸ்பெக் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ந்த டாரன்டுலா சிலந்தி தன் கடைசிச் சில வருடங்களை உள்ளே ஒன்றுமே இல்லாமல் வாழ்ந்தது. இரை தின்றது, தண்ணீர் குடித்தது, குளிர்காலம் வந்தால் வளையின் வாயை மண்ணும் வலையும் வைத்து அடைத்துக்கொண்டது. அந்த வருடங்களில் ஏரி வழக்கத்தைவிட முன்பே உறைந்தது, புகைபோட்ட மீனின் விலை எகிறியது, ஆலையில் ஆட்களைக் குறைக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ஆகவே ஊர் சிலந்தியைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஒராஸ்பெக் ஆலையில் கிரேன் ஓட்டுபவர். பகலெல்லாம் செம்பு உருக்கும் கொட்டகையின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வருவார். வந்து இன்னொரு கண்ணாடிக் கூண்டின் முன்னால் உட்காருவார். சிலந்தி அல்மாட்டியிலிருந்து பஸ் டிரைவர் கையில், ஈரப் பஞ்சு வைத்த மாத்திரை டப்பாவில், ஒரு பயறு அளவில் வந்து சேர்ந்தது. அதற்காக அவர் தேங்காயையே பார்த்திராத ஊரில் தேங்காய் நார்த்தூளை வாளியில் ஊறவைத்துப் பெட்டியில் நிரப்பினார். பாசி பரப்பினார், ஒரு மூலையில் பெரணி, மறு மூலையில் மணி பிளான்ட், நடுவில் வளைந்த மரப்பட்டை, அதன் அடியில் வளை. மண்ணைச் சுத்தமாக வைக்க எள்ளைவிடச் சிறிய வெள்ளைப் பூச்சிகளையும் விட்டார். வெளியே மூச்சு உறையும் குளிரில் ஜன்னலெல்லாம் பனிக்கட்டி ஏறியிருக்க, பெட்டிக்குள் பெரணி இலையில் நீர் சொட்டும். ஐந்தாறு வருடத்தில் சிலந்தி உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தது. பெண் சிலந்தி என்று தெரிந்ததும் அதற்குப் பைபிஷே என்று பெயர் வைத்தார். பைபிஷே என்றால் மூத்த தாரம். அவர் மனைவி குல்யாஷ் அதைக் கேட்டுவிட்டு, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துத் தான் இளைய தாரம் ஆகிவிட்டதாகப் படியிறங்கும்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு போனார். ஊரே மருந்து வாங்கிக் கரப்பானைக் கொல்ல, தன் சமையலறையில் மட்டும் பைபிஷேயின் சாப்பாட்டுக்காகக் கரப்பான் வளர்க்கிற கொடுமையையும் சேர்த்துச் சொல்வார். ஆனால் கணவர் இரவு ஷிப்ட் போகும் நாட்களில் பெட்டிக்குத் தண்ணீர் தெளித்தது அவர்தான்.

இவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒராஸ்பெக்கின் தங்கை இறந்தபோது அவள் மகன் மெய்ராமைக் கூட்டிவந்து வளர்த்தார்கள். சகோதரி மகனுக்கு எங்கள் பக்கத்தில் ஓர் உரிமை உண்டு. தாய்மாமன் வீட்டில் அவன் தன் ஆயுளில் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மாமன் மறுக்கக்கூடாது. குதிரையைக் கேட்டால் குதிரை. கொடுக்கும்போது முகம் சுளித்தாலே அது மாமனுக்கு இழுக்கு. மெய்ராம் முதலில் மாமாவின் பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளைக் கேட்டான். அதில் விழுந்து புருவத்தைக் கிழித்துக்கொண்டு வந்தபோது குல்யாஷ்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இரண்டாவதாக, தாத்தா விட்டுப்போன வெள்ளி வேலைப்பாட்டு இடுப்புக்கச்சையைக் கேட்டான். அதை அவன் கட்டி யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது பாக்கி இருந்தது. பையன் எதைக் கேட்பான் என்று புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆசையாக யோசிப்பார்கள். கொடுப்பதற்கு ஒருவன் இருக்கிறான் என்பதே அவர்களுக்குப் பெரிய நிறைவாக இருந்தது.

ஒரு வசந்த காலத்தில் ஒராஸ்பெக்குக்குச் சிறுநீரகக் கல் வந்து காராகந்தி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. குல்யாஷும் கூடப் போனார். வீட்டுச் சாவி மெய்ராமிடம். அவன் அப்போது ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, மேலே போக வழி தேடிக்கொண்டிருந்தான். பைபிஷே இரை எடுப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது, வயிறு கறுத்திருந்தது, தோலுரிக்கப் போகிறாள் என்று அர்த்தம். தொடாதே, பெட்டியைத் திறந்து நோண்டாதே, தண்ணீர் மட்டும் தெளி என்று மாமா தினமும் போன் செய்தார். ஒரு நாள் மெய்ராமே கூப்பிட்டு, உரித்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள், வளை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்றான். ஒராஸ்பெக் வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தார். நல்ல செய்தி கொண்டுவந்தவனுக்குப் பரிசு கொடுப்பது முறை என்பதால், ஊர் திரும்பியதும் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மருமகனுக்குக் கட்டிவிட்டார். அவனும் கையை நீட்டிக் கட்டிக்கொண்டான்.

வளை வாசலில், பெரணிக்கு அடியில், நான்கு கால்கள் தெரிந்தன. சிலந்தி அசையவில்லை, தின்னவில்லை. சிலந்தி வளர்ப்பவர்கள் ஒரு விசித்திரமான சாதி; தங்கள் பிராணி மாதக்கணக்கில் கல் மாதிரி கிடந்தால் அதுதான் ஆரோக்கியம் என்பார்கள். தோலுரித்த அசதி என்றார் ஒராஸ்பெக். இலையுதிர் காலம் வந்தது. குளிருக்கு அடங்கியிருக்கிறாள் என்றார். தண்ணீர் தெளித்தார், கிண்ணத்தை நிரப்பினார், வேலையில் நடந்ததையெல்லாம் பெட்டியிடம் சொன்னார். இதற்கிடையில் மெய்ராமின் மேலதிகாரி அவனைத் தலைநகர் அஸ்தானாவுக்கு நல்ல பதவியில் அனுப்பிவைத்தார். அடுத்த வசந்தத்தில் ஒரு கரப்பான் காணாமல் போயிற்று. மறுநாள் பைபிஷே மரப்பட்டையின்மேல் ஏறி நின்றாள். பொறுமைக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று ஒராஸ்பெக் கொட்டகையில் எல்லோரிடமும் பெருமையடித்தார்.

உண்மையைக் கண்டது குல்யாஷ். ஜன்னல் கழுவுவதற்காகப் பெட்டியை வெயில் பக்கம் திருப்பினார். மரப்பட்டைமேல் நின்ற சிலந்திக்குள் வெயில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்தது. முதுகு மூடி கெட்டில் மூடியைப்போலத் திறந்து கிடந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கணவரைக் கூப்பிட்டார்.

“இங்க வாங்க. உங்க மூத்தவளுக்குள்ள யாருமே இல்ல.”

ஒராஸ்பெக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு முறை உரித்த தோலையும் நனைத்து, கால் விரித்து, பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்த மனுஷனுக்குத் தோல் எது, சிலந்தி எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் நம்பியதால்தான் பார்க்கவில்லை. தோல் மெதுவாக நடந்து கிண்ணத்தருகே போய்த் தண்ணீர் குடித்தது. அது எப்படி என்று அவர் கேட்கவில்லை. உயிருள்ளவள் எங்கே என்று மட்டும் மெய்ராமுக்குப் போன் போட்டுக் கேட்டார். அவன் பொய் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் அவனைப் பாராட்டலாம். மேலதிகாரிக்கு இந்த மாதிரிப் பிராணிகள்மேல் ஆசை, அவளை அவருக்குக் கொடுத்துவிட்டு உரித்த தோலை வளை வாசலில் வைத்தேன் என்றான்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா” என்றார் ஒராஸ்பெக்.

“தெரியும் மாமா. அதனாலதான் கேக்கல. கேட்டா அது மூணாவதா போயிடும். மூணாவத நான் வீட்டுக்குன்னு வெச்சிருக்கேன்.”

“எந்த வீட்டுக்கு?”

“உங்க வீட்டுக்குத்தான். நீங்களும் அத்தையும் ஏரிக்கரைத் தோட்டக் குடிசையில இருந்துக்கலாமே மாமா. காத்து நல்லா வரும்.”

ஒராஸ்பெக் போனை வைத்தார். சிலந்தி போனதற்காக அவர் வருந்தவில்லை. அது அந்த அதிகாரியின் பெட்டியில் முதல் வாரமே இரை எடுத்ததாகக் கேள்வி. அதைக் கோபித்துக்கொள்ள முடியாது, சிலந்திக்கு ஆள் தெரியாது. மருமகனுக்கு ஆள் தெரியும். தன் கையாலேயே அவனுக்குக் கடிகாரம் கட்டிவிட்டது நினைவு வந்தபோதெல்லாம் அவருக்கு வெட்கமாக இருந்தது, ஏதோ தானே திருடினதுபோல. கிரேனில் உட்கார்ந்து அழுதார். அங்கேதான் யாரும் பார்க்க மாட்டார்கள். வெற்றுத் தோலைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று ஒருமுறை பெட்டியைத் திறந்தார். அது நடந்துவந்து அவர் விரலருகே நின்றது. உயிருள்ள பைபிஷே ஒருநாளும் அப்படி வந்ததில்லை. அவர் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

வாசல் மணி அடித்தது இலையுதிர் காலத்தில், ஏரியிலிருந்து பேய்க்காற்று வீசிய ஒரு காலையில். திறந்தால் மெய்ராம் நின்றான், கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கால் தரையில் பாவாமல். பிடரியிலிருந்து இடுப்புவரை முதுகு பிளந்திருந்தது. காற்று உள்ளே புகுந்து வாய்வழியாக ஊதிக்கொண்டிருந்தது. அஸ்தானா பஸ்ஸில் சாமான் வைக்கும் பரணில் படுத்து வந்ததாகச் சொன்னான். குல்யாஷ் அவனைச் சுற்றிவந்து பார்த்தார். அங்கே போய் நன்றாகச் சாப்பிட்டிருப்பான், உடம்பு போட்டிருப்பான், பழைய தோல் பத்தாமல் போயிருக்கும் என்று கணவரிடம் சொன்னார். பறந்துவிடாமலிருக்க அவன் சட்டைப்பையில் செம்புத் துண்டுகளைப் போட்டார். முதுகுக்குச் சால்வை போர்த்தி, பால் கலந்த தேநீரும், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக்கும் வைத்தார். தேநீர் ஒழுகவில்லை. அத்தையின் முதுகு வலி எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். அசல் மெய்ராம் ஒருநாளும் கேட்காத கேள்வி அது. குல்யாஷ் எழுந்து சமையலறைக்குப் போய், அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றார்.

சாப்பிட்டு முடித்ததும் அவன் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் போய் நின்றான். பாட்டில் வாயில் காற்றூதுகிற குரலில் பேசினான்.

“மாமா, இது என்னோட மூணாவது. அந்தச் சிலந்தியக் குடுங்க.”

ஒராஸ்பெக் முகம் சுளிக்காமல், முறைப்படி, எடுத்துக்கொள் என்றார். அவன் அதை எங்கும் எடுத்துப் போகவில்லை. தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைக் கையில் வாங்கிப் பாசிக்குத் தெளித்தான். அன்றிலிருந்து அந்த வேலை அவனுடையது. தூங்க அவனுக்கு இடமே வேண்டியிருக்கவில்லை. குல்யாஷ் கோட் மாட்டும் கொக்கியில் சால்வையோடு மாட்டிவிடுவார், காலையில் எடுத்து உதறி மேஜையில் உட்காரவைப்பார்.

குளிர் இறங்குவதற்குள் அசல் மெய்ராம் பெரிய காரில் வந்தான். தொந்தி விழுந்திருந்தது. அறைகளை அளக்க ஓர் ஆளையும் கூட்டிவந்திருந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல், மூன்றாவதைக் கேட்க வந்திருக்கிறேன், இந்த வீடு வேண்டும் என்றான். ஒராஸ்பெக் அவனை உட்காரச் சொன்னார். பிறகு, உன் மூன்றாவதை நீ வாங்கிக்கொண்டுவிட்டாய் என்று மேஜையின் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே அவனே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். புருவத்தில் மோட்டார் சைக்கிள் தழும்பு. மெய்ராம் சால்வையை விலக்கி உள்ளே கையை விட்டான். கை தோள்வரை போயிற்று, ஒன்றும் தட்டுப்படவில்லை.

“இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே. இது கேட்டா நான் கேட்டதாயிடுமா?”

“உள்ள ஒண்ணும் இல்லாட்டியும் அவனுக்குக் கேக்கத் தெரிஞ்சிருக்குப்பா” என்றார் குல்யாஷ். “உனக்கும் ஒரு கிண்ணம் ஊத்தட்டுமா?”

அவன் வேண்டாம் என்றான். தோல் அவனுடையது, தழும்பு அவனுடையது, குரலும் ஏறக்குறைய அவனுடையது. எங்கே போய் முறையிட்டாலும் நிற்காது என்று அவனுக்கே தெரிந்தது. அளக்க வந்தவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு முன்னால் இறங்கினான். ஒராஸ்பெக் ஜன்னலில் நின்று கார் போவதைப் பார்த்தார். வீடு தப்பித்ததில் அவருக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், இவர் ஓடிப்போய்ச் சாவியையே கொடுத்திருப்பார். அவன் பார்க்கவில்லை.

இப்போது குல்யாஷ் ரொட்டி வாங்க வெற்று மெய்ராமைத்தான் அனுப்புகிறார். ஏரிக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடைக்காரி அவனைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, காற்று அடங்கிய பிறகு அனுப்புகிறாள்.