பத்து எண்ணுங்க

கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறி சுற்றியது, பக்கத்து வீட்டு டிவி பேசியது. அம்மாவைக் கிடத்தியிருந்த ஃப்ரீசர் பெட்டி மட்டும் உறுமவில்லை. ஹேமந்த் அதன் சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"வெயிலு இந்தப் போடு போடுது. இனி வச்சிருக்க முடியாது மருமவனே, எடுத்துருவோம்," என்றார் மாமா கொம்பையா.

"அக்கா வரட்டும் மாமா."

"எங்க நிக்கா?"

"ஒரகடம் ஜங்ஷன்ல."

கவியா வெகுநேரமாக அங்கேதான் நின்றாள். கார் ஏற்றிவந்த டிரெய்லர் ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டதாம். ஊர் முழுக்கக் கார் செய்கிறார்கள், ஒன்றும் நகரவில்லை. தீபாவளிச் சண்டைக்குப் பிறகு அவள் அம்மாவோடு பேசவே இல்லை. முகத்தையாவது பார்க்க வேண்டும் என்று போனில் அழுதுகொண்டிருந்தாள்.

"மொகம் மாறிட்டுன்னா? அதப் பாக்கதுக்கு அவ பாக்காமலே இருக்கலாம்," என்று மாமா பாடை கட்டும் கயிற்றைக் கையில் எடுத்தார்.

பெட்டிக்காரர் போனை எடுக்கவில்லை. அம்மாவின் போன்தான் விடாமல் அடித்தது. அம்மா மாரிசெல்வி, மண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நூலகர். ஸ்மார்ட் போர்டு வந்த நாளிலிருந்து, அதற்கும் ஆசிரியர்களுக்கும் இடையே சமாதானம் செய்துவைப்பதே அவள் வேலையாகிவிட்டது. நேற்று மதியம் புரொஜெக்டர் ரிமோட்டும் கையுமாக நூலகத்திலேயே சாய்ந்துவிட்டாள். 'ஸ்மார்ட் கிளாஸ் உதவி' வாட்ஸ்அப் குழுவில் தலைமையாசிரியர் 'ஆழ்ந்த இரங்கல்' போட்டிருந்தார். அதற்குக் கீழே யாரோ, 'அந்த ரிமோட் இப்ப எங்க இருக்கு?' அதற்கு நான்கு கட்டைவிரல்கள்.

பிளாஸ்டிக் நாற்காலி வரிசையிலிருந்து தமிழாசிரியர் அறிவுமதி எழுந்து வந்தார்.

"தம்பி, நவுரு."

ஹேமந்த் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரைப் பற்றி அம்மா சொல்லியிருக்கிறாள். ஸ்மார்ட் போர்டில் பர்மனென்ட் மார்க்கரால் 'வல்லினம் மிகும் இடங்கள்' எழுதியவர். அம்மா ஒரு வாரம் சானிடைசர் போட்டுத் துடைத்தும் இரண்டு இடங்களில் இன்னும் மிகுந்தே இருந்தது.

"சும்மா தட்டிக்கினே இருந்தா அது பயந்துக்கும். மிஸ்ஸு சொல்லிக்கீறாங்க," என்றவர் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினார்.

"எய்யா, இருந்த உசுரும் போச்சே!" என்றாள் ஒருத்தி. பெட்டியைத்தான் சொன்னாள்.

"பத்து எண்ணணும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

"ஓடறீங்க சார்," என்றார் பின்னாலிருந்து கணக்கு டீச்சர். "மிஸ்ஸா இருந்தா கையப் புடிச்சிக்குவாங்க."

அறிவுமதி நின்றார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். நாற்காலி வரிசையில் எல்லா உதடுகளும் அசைந்தன. மாமா கயிற்றோடு நின்றார். பத்து வந்ததும் அறிவுமதி பிளக்கைச் செருகினார்.

ஒன்றுமில்லை.

மாமா தொண்டையைச் செருமினார். பெட்டி ஒரு முறை 'டக்' என்றது, உதறியது, பிறகு உறுமியது. கணக்கு டீச்சர் கை தட்டப் போய், இடம் நினைவுக்கு வந்து, அப்படியே கும்பிட்டார். மாமா கயிற்றைக் கீழே வைத்தார்.

அம்மாவின் போன் மறுபடி அடித்தது. ஹேமந்த் எடுத்தான்.

"மிஸ், நான் இன்னிக்குத்தான் சேர்ந்தேன், ஆறாவது பி. போர்டு மேல இந்த நம்பர் ஒட்டியிருந்துச்சு. கருப்பாவே நிக்குது மிஸ்." பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"பிளக்க எடுத்துடுங்க மேடம். பத்து எண்ணுங்க."

"எண்ணிட்டேன் சார்."

"அதுக்குள்ளயா? மெதுவா எண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் எண்ணத் தொடங்கினார்கள். தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியது. பெட்டியின் கண்ணாடியில், அம்மாவின் முகத்துக்கு நேராக, ஈரம் படர்ந்திருந்தது. ஹேமந்த் சட்டை நுனியால் அந்த இடத்தைத் துடைத்தான்.

போனில் "நாலு" என்று கேட்டது.