சல்லடை மூடிய பீங்கான்

ஜுஹைனா வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேசையில் சல்லடை மட்டும் கிடந்தது. அதற்கடியில் மூடி வைத்திருந்த பீங்கான் தட்டைக் காணோம்.

காலையில் அவள்தான் அதை மூடி வைத்துவிட்டுக் குற்றாலம் போனாள். அங்கே ஒரு நிக்காஹ் வீட்டார் கையால் செய்த வாழ்த்து அட்டைகளும், பரிசுப் பைகளில் கட்டித் தொங்கவிடும் டேக்குகளும் கேட்டு, மாதிரி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ரப்பரில் தானே செதுக்கிய பிச்சிப்பூ அச்சைக் கறுப்பு மையில் ஒற்றி, மை காய்ந்ததும் உள்ளே வாட்டர்கலர் பூசுவது அவள் வேலை. அந்தக் கறுப்பு மை ஒரு தடவை காய்ந்துவிட்டால் குடத்துத் தண்ணீரைக் கொட்டினாலும் போகாது. வாட்டர்கலர் அப்படி இல்லை. சாரல் காலத்தில் காய்வேனா என்று அடம்பிடிக்கும். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி அட்டையின் முதுகில் வைத்து எடுக்க வேண்டும். "துணி தேய்க்கப் பெட்டி வாங்குனா இவ காயிதத்தத் தேய்க்கா" என்று மாமியார் ஹைருன் பீவி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள்.

அட்டையின் நடுவில் 'பாரகல்லாஹ்' என்ற வாழ்த்து அரபியில் மஞ்சள் எழுத்தாக வர வேண்டும். கெட்டிக் காகிதத்தைப் பாழாக்க மனசில்லாமல் ஜுஹைனா வெள்ளைப் பீங்கான் தட்டில் பிரஷ்ஷால் எழுதிப் பழகுவாள். ஈரத்துணியால் துடைத்தால் போயிற்று. இன்று காலை எழுத்து அத்தனை அழகாக விழுந்துவிட்டது. வந்து அதைப் பார்த்து எழுதலாம் என்று துடைக்காமல், பூனை வாய் வைக்காதபடி சல்லடையைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். எழுத்தை ரசிக்கத் தெரிந்த அளவுக்குத் தட்டை அலமாரியில் வைக்கத் தெரியவில்லை.

"மாமி, இங்கன இருந்த பீங்கான் எங்க?"

அடுப்படியிலிருந்து மாமி சந்தோஷமாகவே சொன்னாள். "கரைச்சு ஹுஸ்னாவுக்குக் குடுத்தாச்சு. நான் தொழுதுட்டு இருக்கும்போதே ஹஜ்ரத் வீட்டுல இருந்து கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்காவ. சல்லடை போட்டு எவ்வளவு பதனமா மூடியிருக்காவ!"

அந்தச் சல்லடையைப் போட்டது ஜுஹைனாவின் கை.

ஹுஸ்னா அவள் கணவன் அஃப்சலின் தங்கை. பிரசவத்துக்குத் தென்காசிக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். முன்னே இரண்டு தடவை தங்காமல் போய், எட்டாம் மாதம் வரை வந்திருக்கிற பிள்ளை இது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று ஜுஹைனா சொன்னதற்கு, "மொதல்ல பீங்கான் குடிக்கட்டும், பிறகு பாப்போம்" என்று மாமி வெள்ளைத் தட்டு ஒன்றைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குக் கொடுத்தனுப்பினாள். அவர் ஓதி, குங்குமப்பூ கரைத்த நீரால் தட்டில் எழுதித் தருவார். அந்த எழுத்தைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடிக்க வேண்டும். இதெல்லாம் கூடாது என்கிறவர்களும் அதே தெருவில் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால் அவர்கள் வீட்டுத் தட்டும் புறவாசல் வழியாக ஹஜ்ரத்திடம் போகும்.

இரண்டு தட்டும் அஃப்சல் சவுதி தம்மாமிலிருந்து கொண்டுவந்த ஒரே செட். இரண்டிலும் மஞ்சளில் அரபி. மாமியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஹுஸ்னா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நேற்றிலிருந்து இருண்டு கிடந்த முகத்தில் இப்போது தெளிச்சம். "மதினி, குடிச்சதும் பிள்ள அசையுது. இந்தா, இங்கன கைய வையி."

ஜுஹைனா கையை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"இப்ப ஒறங்குது போல" என்றாள் ஹுஸ்னா.

"இனி ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள் வாசலில் நின்ற மாமி. "அங்க போனா மொதல்ல கத்தியத்தான் எடுப்பாவ."

ஜுஹைனா தன் அறைக்கு ஓடி மஞ்சள் டியூபை எடுத்துப் படித்தாள். கேட்மியம் என்று போட்டிருந்தது. போனில் தேடினாள். ஒரு பக்கம் கொஞ்சம் போனால் ஒன்றும் செய்யாது என்றது, இன்னொரு பக்கம் விஷம் என்றது. போனில் தேடினால் தலைவலிக்கே கபர்ஸ்தான் வரை கொண்டுபோய் விட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் டியூபைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்து, "எதுக்கும் ஒரு தடவ டாக்டரம்மாட்ட காட்டிட்டு வந்துருவோம் மாமி" என்றாள்.

"பீங்கான் குடிச்ச பிறகு சந்தேகப்படக் கூடாது ஏட்டி. ஈமான் வேணும்."

"எனக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு மதினி" என்றாள் ஹுஸ்னா.

உண்மையைச் சொல்லாமல் இவர்களைக் கிளப்ப முடியாது என்று ஜுஹைனாவுக்குப் புரிந்தது. சொன்னால்? அச்சும் கலரும் சாக்கடைக்குப் போகும், போகட்டும். ஆனால் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் நாத்தனாருக்கு விஷம் கொடுத்தவள் என்ற பெயர் சாகும்வரை கூட வரும். அவளுக்குப் பயமாக இருந்தது. தனக்காகத்தான் பயமாக இருந்தது என்பது அதைவிடக் கேவலமாக இருந்தது.

அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு நூர்நிஷா. கையில் துணி போட்டு மூடிய தட்டு.

"ஹஜ்ரத் குடுத்து விட்டாவ. நேரமாயிட்டுன்னு மாமிட்ட சொல்லச் சொன்னாவ."

தட்டைக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள். மாமி பார்க்கவில்லை. துணியை விலக்கினாள் ஜுஹைனா. குங்குமப்பூ வாசம். இதைக் கழுவி ஊற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் இன்றைக்கு மறைத்துவிடலாம். உள்ளே ஹுஸ்னா எதற்கோ சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு அவளால் அடுப்படிப் பக்கம் நடக்க முடியவில்லை.

தட்டைக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தாள். "இதுதான் ஹஜ்ரத் எழுதுனது. நீ குடிச்சது என் பெயிண்ட் ஹுஸ்னா. அட்டைக்கு எழுதிப் பழகுன தட்டு."

மாமி ஓங்கிய கை, தன் தலையிலேயே விழுந்தது. "என் பிள்ள வயித்துல மண்ணப் போட்டுட்டியே பாவி!"

ஹுஸ்னா கத்தவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தட்டையே பார்த்தாள்.

"அப்போ... அசைஞ்சது?" என்றாள். பிறகு குரல் உடைந்தது. "அசைஞ்சுதுன்னு நானாத்தான் நெனச்சிக்கிட்டேன் போல மதினி. எனக்குச் சரியாத் தெரியல."

மாமியின் அழுகை சட்டென்று நின்றது. "ஆட்டோவக் கூப்புடு" என்றாள்.

ஆட்டோவில் மாமி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "என் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ என் வாசல மிதிக்கப்பிடாது."

டாக்டர் ஜெஸி டியூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தார். "இந்தக் கொஞ்சத்துக்கு ஒண்ணும் செய்யாதும்மா" என்றார். ஜுஹைனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வயிற்றில் பெல்ட்டைக் கட்டி இதயத் துடிப்பைக் கேட்டதும் டாக்டரின் முகம் மாறியது.

"எப்ப இருந்து அசைவு குறைவு?"

"நேத்து சாயங்காலம்" என்றாள் ஹுஸ்னா.

"துடிப்பு இறங்குது. உடனே எடுத்தாகணும். நாளைக்குன்னு வந்திருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

பெண் பிள்ளை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். இரண்டு நாள் போக வேண்டும், இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள். மாமி கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஜுஹைனா தள்ளி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கொஞ்சம் கழித்து மாமி வந்து முன்னால் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏட்டி. தண்ணி ஊத்துனாலும் போவாதுன்னு ஒரு கறுப்பு மை வச்சிருப்பியே. அது எங்க?"

"அதே மையில பேனா ஒண்ணு பையில இருக்கு மாமி. எதுக்கு?"

"பெட்டியில ஒட்டுன சீட்டுல பேரு அழியுது. மருந்தப் போட்டுத் துடைச்சுத் துடைச்சு 'ஹுஸ்னா'ங்கிறது பாதி இல்ல. பக்கத்துலயும் ஒரு பிள்ள கெடக்கு. நர்சம்மாட்ட கேட்டுட்டேன், எழுதிக் குடுத்தா கட்டிக்கிடுதேன்னுட்டா."

குற்றாலத்துக்குக் கொண்டுபோன மாதிரிகளோடு எழுதாத டேக் ஒன்று பையில் இருந்தது. ஓரத்தில் பிச்சிப்பூ ஒற்றியது, இன்னும் கலர் பூசாதது. ஜுஹைனா அதை மடியில் வைத்துப் பேனா மூடியைக் கழற்றினாள். டேக் மடியில் நிலையாக நிற்கவில்லை.

மாமி பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டேக் ஆடாதபடி அதன் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"பிஸ்மி சொல்லி எழுது" என்றாள்.