ஆமை தீபாவளிக்கு வரும்

சிரித்தவர்களில் பாதிப் பேர் என் மகள் வயசுப் பிள்ளைகள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரவாங் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில், பழைய ஜப்பான் கார்ட்டூன் ரசிகர்கள் கூடியிருந்தோம். 'இரும்பு ஆமை' தொடரைப் பற்றிக் கேள்வி பதில் போட்டி. பரிசு, கையகல ஆமை பொம்மை ஒன்று. கடைசிக் கேள்விவரை நான்தான் முன்னால் இருந்தேன். போட்டியை நடத்திய ரூபினி மைக்கை என்னிடம் நீட்டினாள்.

"கடைசி எபிசோட்ல ஆமைய ஓட்டுற அந்த அக்காவுக்கு என்ன ஆகும், குகன் அங்கிள்?"

இதெல்லாம் ஒரு கேள்வியா? "ஆமையில ஏறிக் கடலுக்குள்ள போயிருவா. வருஷா வருஷம் தீபாவளிக்குத் திரும்பி வருவா," என்றேன்.

ஜப்பான்காரிக்கு ஏது தீபாவளி என்று அந்த நொடிவரை எனக்குத் தோன்றியதே இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் மாடியே சிரித்துக்கொண்டிருந்தது.

"சாரி லா அங்கிள். அவ செத்துருவா. நீங்க எந்த எபிசோட் பாத்தீங்க?"

நான் அந்தக் கடைசி எபிசோடைப் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. அந்தத் தொடர் இணையத்துக்கு முழுசாக வந்ததே போன வருஷம்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகச் சேமித்துச் சேமித்துப் பார்த்து வந்தேன். கடைசியை மட்டும் தொடவில்லை. தொட்டால் தீர்ந்துவிடுமே. தவிர, அது எனக்குத் தெரியும். என் அக்கா தனேஸ்வரி சொல்லியிருக்கிறாள்.

சின்ன வயசில் நாங்கள் இருந்த எஸ்டேட்டில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி வீட்டில்தான் கலர் டிவி இருந்தது. சாயங்காலமானால் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அவர் வீட்டுச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருப்போம். டிவி மலாயில் பேசும். எனக்கோ மலாய் ஒரு வார்த்தை ஏறாது. என்னைவிடப் பத்து வயசு மூத்த அக்கா என்னை மடியில் வைத்துக்கொண்டு, காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். கடல் அரக்கன் அவள் வாயில் எங்கள் எஸ்டேட் ஆபீஸ் கிராணி மாதிரியே அதட்டுவான். அரக்கன் வரும்போதெல்லாம் கதையில் வரும் தம்பிக்காரன் கரையில் நின்று சங்கு ஊதுவான். உடனே அக்காக்காரி ஆமையை ஓட்டிக்கொண்டு கடலுக்குள்ளிருந்து எழுவாள். உலகத்தில் எனக்கு அதைவிடப் பிடித்த கதை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. அதன் முடிவு பொய் என்றால் எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

நேரே அக்கா குடியிருக்கும் அசாம் ஜாவா என்கிற ஊருக்குக் காரை விட்டேன். அக்கா வீட்டு வாசலில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஆமைக்கதைல அவ செத்துட்டாளாமே?"

மற்ற யாராக இருந்தாலும் எந்த ஆமை என்று கேட்டிருப்பார்கள். அக்கா கேட்கவில்லை. கையிலிருந்த கிளிப்பைத் திரும்பவும் வெறும் கொடியில் மாட்டினாள்.

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. வா, பாப்போம்."

போனை அவள் டிவியில் இணைத்துக் கடைசி எபிசோடைப் போட்டேன். கடலடியில் மலை பிளக்கிறது. பிளவை அடைக்க ஆமை தன்னையே அதற்குள் செருகிக்கொள்கிறது. அக்காக்காரி உள்ளேயே இருக்கிறாள். கரையில் தம்பிக்காரன் சங்கு ஊதுகிறான். மறுபடி ஊதுகிறான். கடல் சும்மா கிடக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மலாய் எதற்கு? ஆறு வயசுப் பிள்ளைக்கும் புரியும்.

அப்படியானால் அன்றைக்கு எனக்கு ஏன் புரியவில்லை?

"நான் இதப் பாக்கவே இல்லக்கா," என்றேன். "நீ என்னைத் துணி எடுக்க அனுப்பின. மழை வருதுன்னு சொன்ன."

"ஆமா."

"மழையே இல்ல. கொடியில துணியும் இல்ல. திரும்பி வந்தா படம் முடிஞ்சிருந்துச்சு."

அக்கா மடியில் கிடந்த துண்டை மடித்தாள். பிறகு அதையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"அடுத்த வாரம் நான் ஷா ஆலம் போவணும்டா. ஃபேக்டரி ஹாஸ்டல்ல எடம் போட்டாச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நான் முழிச்சுக்கிட்டு கெடக்கேன். இதுல இவ வேற மலைக்குள்ள போறா. அதப் பாத்திருந்தா நீ என்னை பஸ் ஏற உட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அவள் கிளம்பிய அன்று நான் அழவே இல்லை. எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆமையில் போகிறவளை அனுப்புகிற பெருமையோடு கையாட்டினேன். தீபாவளிக்கு வந்துவிடுவாள் என்று எனக்குத்தான் தெரியுமே.

வரவும் செய்தாள். எந்த வருஷமும் தவறவில்லை. பஸ் நிற்கும் முன்பே என் பட்டாசுப் பெட்டியைச் சன்னல் வழியாகக் காட்டுவாள். ஒரு வருஷம் மட்டும் வெறுங்கையோடு வந்தாள். அந்த வருஷத்துக்குப் பிறகு அவள் வேலை வேறு ஃபேக்டரிக்கு மாறியது. பழைய இடத்தில் சாப்பாடு சரியில்லை என்று சொன்னாள்.

எனக்கு இப்போதுதான் பொறி தட்டியது.

"அக்கா, பட்டாசு இல்லாம வந்த அந்த வருஷம், லீவு குடுக்கலன்னு வேலையவே விட்டுட்டா வந்த?"

"சாப்பாடு சரியில்லன்னுதானே அப்பவே சொன்னேன்," என்று எழுந்து துணிகளை உள்ளே எடுத்துப் போனாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். போனில் ரூபினியின் செய்தி வந்து கிடந்தது. கடைசி எபிசோடைப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தாள்.

பார்த்தேன் என்று எழுதினேன். என் பதிலை மாற்றுவதாக இல்லை என்றும் எழுதினேன்.